மிச்ச வேகம் யாருடையது? மதர்போர்டும் கூலரும் சொல்லும் நாற்பதாண்டு வரலாறு

கணிப்பொறிச் செயலியின் மூடியில் பொறிக்கப்பட்டிருக்கும் வேக எண், அந்தச் சில்லின் உண்மையான திறனைக் குறிப்பதன்று. எவ்வளவு வேகத்திற்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்கிறார் என்பதையே அது குறிக்கிறது. ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தில் அமைவதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே விரைந்து இயங்கும், சில தடுமாறும். ஆலையில் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, வெவ்வேறு எண்களையும் விலைகளையும் இடுகிறார்கள். வெப்பமான அறை, தரங்குறைந்த எஸ்.எம்.பி.எஸ்., பல ஆண்டுத் தேய்மானம் ஆகிய அனைத்தையும் சில்லு தாங்க வேண்டுமென்பதால், பொறித்த எண்ணுக்கும் இயலக்கூடிய வேகத்திற்கும் இடையே ஒரு மிச்சம் விடப்படுகிறது. விலை குறைந்த சில்லுக்கே சந்தையில் தேவை மிகுந்திருக்கும் காலத்தில், உயர்தரச் சில்லின் மேலும் தாழ்ந்த எண்ணே பொறிக்கப்படுவதுண்டு.

அந்த மிச்சத்தை எடுத்துப் பயன்படுத்தும் செயலுக்கே ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அதை வேடிக்கை விளையாட்டு என்றும், இளைஞர்களின் வேகப் பித்து என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் அதன் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு சொத்துரிமைத் தகராறு புலப்படும். மிச்சமிருக்கும் வேகம் யாருக்கு உரியது? விலை கொடுத்து வாங்கியவருக்கா, இடையில் நிற்கும் வணிகருக்கா, சில்லைச் செய்த நிறுவனத்திற்கா, மதர்போர்டைச் செய்த நிறுவனத்திற்கா? நாற்பது ஆண்டுகளில் இந்த மிச்சம் பலமுறை கைமாறியிருக்கிறது. கைமாற்றம் ஒவ்வொன்றின் தடமும் இரண்டு பொருள்களில் பதிந்துள்ளது. துடிப்பையும் மின்சாரத்தையும் செயலிக்குக் கொண்டுவரும் மதர்போர்டு ஒன்று. வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் கூலர் மற்றொன்று.

துடிப்பும் வெப்பமும்

மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு இத்தனை முறை என்ற கணக்கில் துடிக்கிறது. அத்துடிப்பைப் பெருக்கியோ வகுத்தோ செயலியின் கடிகாரம் அமைகிறது. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் சில்லின் மின்சைகைகள் தாம் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்து நிலைபெற்றாக வேண்டும். துடிப்பை விரைவுபடுத்தினால் சைகைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். ஓர் எல்லைக்குப் பின் தவறான விடை பதிவாகும். மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். எல்லை சற்றுத் தள்ளிப்போகும். ஆனால் அதற்கு விலை உண்டு. சில்லு செலவிடும் மின்திறன், துடிப்பின் வேகத்திற்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால், வெப்பம் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். ஓவர்கிளாக்கிங்கின் பொருளாதாரம் முழுவதும் இந்தச் சமனின்மையில்தான் அடங்கியிருக்கிறது. வேகம் மெல்ல ஏறுகிறது. வெப்பம் ஓடி ஏறுகிறது.

படிகத்தை மாற்றிய காலம்

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் மதர்போர்டில் இருந்தது 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறத் துணை அலைவரிசையைப் போல் நான்கு மடங்கு அது. அதை மூன்றால் வகுக்கக் கிடைத்ததே அக்கணிப்பொறியின் புகழ்பெற்ற 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம். உள்ளிருந்த இன்டெல் 8088 சில்லோ 5 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. ஆகவே அந்தத் தனிநபர் கணிப்பொறி, தொலைக்காட்சியோடு ஒத்துப்போகும் வசதிக்காகத் தன் சில்லின் எல்லைக்குச் சற்றுக் கீழேயே பிறந்தது.

1984இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. 6 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதன் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் பலகையில் பற்றவைக்கப்படாமல் செருகியில் பொருத்தப்பட்டிருந்தது. சில டாலருக்குக் கிடைத்த 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை அதன் இடத்தில் செருகியவர்களுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் கணிப்பொறி கிடைத்தது. சில்லை மாற்ற வேண்டியதில்லை. கூலர் என்ற ஒன்றே அப்போது தேவைப்படவில்லை. செய்தி பரவியதும் ஐ.பி.எம். தன் பயாஸைத் திருத்தியது. தொடக்கத்திலேயே வேகத்தை அளந்து, அனுமதித்த அளவை மீறியிருந்தால் கணிப்பொறி இயங்க மறுக்கும்படி செய்தது. பின்னர் 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யைத் தானே விற்றது. மிச்ச வேகத்தைப் பற்றிய முதற்பெரும் தகராறுகளுள் இதுவும் ஒன்று. வாங்கியவர் தம் பொருளில் ஒரு படிகத்தை மாற்றினார். விற்றவர் அதைப் பூட்டினார். பூட்டிய வேகத்தையே புதிய பொருளாக விலைக்கு வைத்தார். பின்னாளில் நிகழ்ந்த பெரும்பாலானவை இதே வடிவத்தின் மறுபதிப்புகளே.

எண்ணைச் சுரண்டிய வணிகர்

1990களின் தொடக்கத்தில் 486 சில்லுகளோடு பெருக்கெண் என்ற கருத்து பரவலாயிற்று. 1992இல் வந்த 486டிஎக்ஸ்2, மதர்போர்டின் 33 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளே இரட்டித்து 66 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. சில்லின் மேல் அலுமினிய ஹீட் சிங்க்கும் சிறு மின்விசிறியும் இடம்பெறத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். பென்டியம் காலத்து மதர்போர்டுகளில், அடிப்படைத் துடிப்பையும் பெருக்கெண்ணையும் ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பான்களை இடம் மாற்றியே அமைத்துக்கொள்ள முடிந்தது.

இந்த வசதியை வாங்குபவர்கள் மட்டும் பயன்படுத்தவில்லை. சில்லின் மேலிருந்த அச்சைச் சுரண்டிவிட்டு, உயர்ந்த எண்ணைப் பொறித்து, உயர்ந்த விலைக்கு விற்கும் மோசடி பல நாட்டுச் சந்தைகளிலும் நுழைந்தது. கணிப்பொறி இயங்கியது, ஆனால் மிச்சம் முழுவதையும் வணிகர் முன்கூட்டியே உண்டுவிட்டிருந்தார். கோடை வந்தபோது அல்லது தூசி படிந்தபோது காரணம் புரியாத செயலிழப்புகள் தோன்றின. இழப்பு, செய்தி அறியாத வாடிக்கையாளருக்கு; கெட்ட பெயர், சில்லைச் செய்தவருக்கு. 1990களின் பிற்பகுதியில் இன்டெல் தன் செயலிகளின் பெருக்கெண்ணைப் பூட்டியதற்குப் பொதுவாகக் கூறப்பட்ட காரணம் இந்த மோசடியே. ஆயினும் அந்தப் பூட்டு, மோசடி வணிகரையும் தம் பொருளைத் தாமே அறிந்து மாற்றிய உரிமையாளரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

1998: மதர்போர்டு முதன்மை பெற்ற ஆண்டு

பெருக்கெண் பூட்டப்பட்டபின் எஞ்சியது அடிப்படைத் துடிப்பு மட்டுமே. அது சில்லில் இல்லை, மதர்போர்டில் இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதன் முழுப் பொருளையும் விளக்கிவிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 ஆல் பெருக்கி அது 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. விலை 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் II 450இன் விலை 669 டாலர். அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் 4.5 மடங்கில் செலரானும் 450ஐத் தொட்டுவிடும். பெரும்பாலான 300ஏ சில்லுகள் அதைத் தாங்கின. போதாக்குறைக்கு, பென்டியம் IIஇன் 512 கிலோபைட் கேஷ் நினைவகம் சில்லுக்கு வெளியே பாதி வேகத்தில் இயங்கியது. செலரானின் 128 கிலோபைட்டோ சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கியது. ஆகவே பல வேலைகளில் மலிவான சில்லு விலையுயர்ந்த சில்லுக்கு ஈடுகொடுத்தது.

இங்கே எந்த மதர்போர்டு என்ற கேள்வி முதன்முறையாகத் தீர்மானமான கேள்வியாயிற்று. காரணம் எளிது. அடிப்படைத் துடிப்பை மாற்றினால் செயலி மட்டும் விரைவதில்லை. அதே துடிப்பிலிருந்து வகுத்தெடுக்கப்படும் பி.சி.ஐ. பாதையும், அதில் தொங்கும் வன்தட்டுக் கட்டுப்பாட்டகமும் சேர்ந்து விரையும். 83 மெகாஹெர்ட்ஸை இரண்டால் வகுத்தால், 33இல் இருக்க வேண்டிய பி.சி.ஐ. 41ஐத் தாண்டும், வன்தட்டில் தரவு சிதையக்கூடும். 1998 ஏப்ரலில் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட், 100 மெகாஹெர்ட்ஸை முறைப்படியே ஏற்றது. அதை மூன்றால் வகுத்து பி.சி.ஐ.யை 33இலேயே வைத்தது. எனவே பிஎக்ஸ் பலகையில் அமர்ந்த செலரான் மட்டுமே எல்லை மீறியது. சுற்றியிருந்த எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. 450 நிலைத்து நின்றதன் இரகசியம் பாதி சில்லிலும் பாதி பலகையிலும் இருந்தது.

தைவானின் ஏபிட் நிறுவனம் இவ்வாய்ப்பை உணர்ந்து, பிஎச்6 போன்ற பலகைகளில் ஜம்பர்களை விலக்கித் துடிப்பையும் மின்னழுத்தத்தையும் பயாஸ் திரையிலேயே மாற்றும் வசதியைத் தந்தது. அவ்வசதி இல்லாத பலகை வைத்திருந்தவர்கள், செயலி அட்டையின் பி21 என்ற முனையில் ஒட்டுநாடா ஒட்டி, இது 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று பலகையை நம்பவைத்தார்கள். 1996இல் தொடங்கிய டாம்ஸ் ஹார்டுவேர், 1997இல் தொடங்கிய ஆனந்த்டெக் ஆகிய தளங்கள் ஒவ்வொரு பலகையையும் சோதித்து எழுதின. ஒரு தலைமுறையின் மின்னணுவியல் கல்வி பல்கலைக்கழகத்துக்கு வெளியே இவ்வாறு நடந்தேறியது.

மிச்சம் தீர்ந்தபோது

2000 மார்ச் 6 அன்று ஏ.எம்.டி.யும், இரண்டு நாள் கழித்து இன்டெலும் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியை அறிவித்தன. போட்டியின் சூட்டில், ஜூலை இறுதியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் IIIஐ இன்டெல் வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேரின் தாமஸ் பாப்ஸ்ட், ஹார்ட்ஓசிபியின் கைல் பென்னட் முதலிய சோதனையாளர்கள், அது சில வேலைகளில் நிலைகுலைவதைக் காட்டினார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. பயனருக்கென்று மிச்சம் எதையும் விடாமல் உற்பத்தியாளரே எல்லைவரை சென்றால் என்ன நேரும் என்பதற்கு முதல் எச்சரிக்கை அது.

அதே ஆண்டுகளில்தான் கூலர் ஒரு துணைப்பொருள் என்ற நிலையிலிருந்து உயர்ந்தது. ஏ.எம்.டி.யின் அத்லான் சில்லுகளில், எல்1 என்று குறிக்கப்பட்ட நுண்பாலங்களைப் பென்சில் கரியால் இணைத்தால் பெருக்கெண்ணின் பூட்டு திறந்துகொண்டது. ஆனால் அச்சில்லுகளுக்கு உலோக மூடி இல்லை. ஹீட் சிங்க்கின் கொக்கியை அழுத்தும்போது கை சற்றுச் சாய்ந்தாலே சிலிக்கானின் மூலை நொறுங்கும். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் வெளியிட்ட காணொளி ஒன்றில், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் மேலிருந்து ஹீட் சிங்க் அகற்றப்பட்டது. பென்டியம் 4 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. அத்லான் நொடிகளில் புகைந்து மடிந்தது. ஏ.எம்.டி.யின் புதிய சில்லில் வெப்ப உணரி இருந்தும், அதைப் படித்து மின்சாரத்தை உடனே துண்டிக்கும் வேலையை மதர்போர்டு செய்யவில்லை. செயலியின் உயிர் இனி மதர்போர்டு, கூலர் இரண்டையும் சார்ந்தது என்பது கண்கூடாயிற்று.

2004இல் 90 நானோமீட்டரில் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4, கசிவு மின்னோட்டத்தால் பெரும் வெப்பம் உமிழ்ந்தது. டிரான்சிஸ்டர் சுருங்கும்போது மின்திறனும் அதே அளவில் சுருங்கும் என்று 1974இல் இராபர்ட் டெனார்டும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த விதி தளரத் தொடங்கியிருந்தது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் அக்டோபரில் கைவிட்டது; அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட், தொழில்துறைக் கூட்டமொன்றின் மேடையில் பாதி வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

கூலரின் கல்வி

1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழாய், விண்கலங்களின் வழியே மெல்ல மேசைக்கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது. மூடிய செப்புக்குழாயினுள் சிறிதளவு நீர்மம். சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பும். 2000களின் நடுவில் இக்குழாய்கள் தகடுகளை ஊடுருவும் கோபுர வடிவக் கூலர்கள் பரவின. பெரிய தகட்டுப் பரப்பு, பெரிய மின்விசிறி, குறைந்த இரைச்சல். நாக்டுவாவின் 2014ஆம் ஆண்டு என்எச்-டி15 இவ்வகையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மறுபுறம், வாகனங்களின் வெப்பமூட்டிகளையும் மீன்தொட்டிப் பம்புகளையும் கொண்டு ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டிய நீர்க்குளிர்விப்பு, 2009இல் வந்த கோர்சேர் எச்50 போன்ற மூடிய அமைப்புகளால் கடைப்பொருளாயிற்று.

எந்தக் கூலராலும் மீற முடியாத இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, காற்றையோ நீரையோ கொண்டு குளிர்விக்கும் கூலர் சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்லாது. அறைக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அது குறைக்கும். 22 பாகை அறையில் 85 பாகை காட்டும் செயலி, அதே வேலையை 38 பாகை அறையில் செய்தால் 101ஐ நாட வேண்டியிருக்கும்; அதற்குள் தற்காப்பாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் மிதமான அறையில் எடுக்கப்பட்ட கூலர் மதிப்பெண்களை நாக்பூர், தில்லி, வேலூர் மே மாதத்திற்கு அப்படியே பெயர்த்துக்கொள்ள இயலாது என்பதற்கு இதுவே காரணம். நேரு பிளேஸிலோ ரிச்சி தெருவிலோ அசெம்பிள் செய்யப்படும் கணிப்பொறிக்கு, பட்டியலில் ஒரு படி மேலான கூலரைக் கேட்பது ஆடம்பரமாகாது.

இரண்டாவது வரம்பு, சில்லுக்கும் கூலருக்கும் இடையிலான பாதை. 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் செயலிகளில், சிலிக்கானுக்கும் உலோக மூடிக்கும் இடையே அதுவரை இருந்த உலோகப் பற்றவைப்புக்கு மாற்றாக இன்டெல் தெர்மல் பேஸ்ட்டை இட்டது. மேலே எவ்வளவு பெரிய கூலரை வைத்தாலும் வெப்பம் உள்ளேயே தேங்கியது. ஆர்வலர்கள் மூடியைப் பெயர்த்தெடுத்துத் தாமே திருத்திக்கொள்ளத் தலைப்பட்டார்கள். அந்நிறுவனத்தின் பொதுச்சந்தை உயர்நிலைச் செயலிகளில் பற்றவைப்பு 2018இல்தான் திரும்பியது.

பூட்டைத் திறக்கும் உரிமை விலைக்கு வந்தது

2011 ஜனவரியில் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில், எல்லாப் பாதைகளும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்போடு பிணைக்கப்பட்டன. அடிப்படைத் துடிப்பைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தினால் மற்ற பாகங்கள் தடுமாறின. செலரான் 300ஏ காட்டிய வழி ஏறக்குறைய அடைபட்டது. அதேவேளையில், பெருக்கெண் பூட்டப்படாத 'கே' வகைச் செயலிகளை இன்டெல் விற்றது. ஐ5-2500 செயலிக்கு 205 டாலர். ஐ5-2500கேவுக்கு 216 டாலர். பூட்டைத் திறக்கும் உரிமையின் விலை 11 டாலர் என்றாயிற்று.

உரிமை அத்தோடு முழுமை பெறவில்லை. அதைப் பயன்படுத்த மதர்போர்டின் சிப்செட்டும் இசைய வேண்டும். பி67 இசைந்தது, எச்67 மறுத்தது. எச்67இல் செயலியோடு சேர்ந்த வரைகலை வேலை செய்தது. பி67இல் அது இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் மே மாதம் வந்த இசட்68 வரை காத்திருக்க வேண்டும். இத்தடை பெரும்பாலும் வணிகப் பகுப்பே என்பதற்குப் பின்னர் சான்று கிடைத்தது. 2015இன் இறுதியில் சில மதர்போர்டு நிறுவனங்கள், பூட்டிய ஸ்கைலேக் செயலிகளையும் அடிப்படைத் துடிப்பால் விரைவுபடுத்தும் பயாஸை வெளியிட்டன. சில மாதங்களில் அவ்வசதி புதிய பயாஸ்களிலிருந்து நீங்கியது. 2017இல் ஏ.எம்.டி. தன் ரைசன் செயலிகள் அனைத்தையும் பூட்டின்றி வெளியிட்டபோதும், மலிவான ஏ320 பலகைக்கு அவ்வுரிமையை அளிக்கவில்லை. பி350, எக்ஸ்370 பலகைகளுக்கே அளித்தது.

2012இல் இன்டெல் இன்னொன்றையும் விற்றது. ஓவர்கிளாக் செய்து செயலியைக் கெடுத்துக்கொண்டால் ஒருமுறை மாற்றித்தரும் திட்டம் அது. 2500கேவுக்கு 20 டாலர், 2600கேவுக்கு 25 டாலர். பூட்டில்லாச் சில்லுக்குத் தனி விலை; அதைப் பயன்படுத்தினால் பொது உத்தரவாதம் இல்லை; அந்த இடைவெளிக்குத் தனிக் காப்பீடு. அத்திட்டம் 2021இல் நிறுத்தப்பட்டது.

இக்காலத்தில் மதர்போர்டின் மதிப்பை உறுதிசெய்தது வேறொரு பகுதி. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டைச் செயலிக்கு வேண்டிய ஏறத்தாழ 1.3 வோல்ட்டாகக் குறைக்கும் வி.ஆர்.எம். என்னும் மின்னழுத்தச் சீராக்கியே அது. 253 வாட் செலவிடும் செயலி 1.3 வோல்ட்டில் ஏறக்குறைய 195 ஆம்பியர் இழுக்கும். ஒரு வீட்டின் முதன்மை இணைப்பில் பாய்வதைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் அது. அதைப் பல கட்டங்களாகப் பிரித்துச் சுமக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் சூடேறும். அதற்கும் ஹீட் சிங்க் வேண்டும். விளம்பரத்தில் கட்டங்களின் எண்ணிக்கை பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கட்டத்தின் தாங்குதிறனும், அதைக் குளிர்விக்கும் உலோகத்தின் பரப்புமே பலகையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பிழை ஓசையின்றி வரும்

வேகம் கூடினால் கணிப்பொறி ஓடும் அல்லது நின்றுவிடும் என்ற எண்ணம் பரவலானது. நடுவே ஆபத்தான மூன்றாம் நிலை ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே தவறாகக் கணக்கிடுதல். 2005இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென், விண்டோஸ் அனுப்பிய செயலிழப்பு அறிக்கைகளைப் பற்றி எழுதினார். ஒரு பதிவகத்தைச் சுழியாக்குவது போன்ற, தோல்வியடையவே வழியில்லாத கட்டளைகளில் சில கணிப்பொறிகள் தோற்றிருந்தன. விசாரித்தபோது பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை எனத் தெரிந்தது. அவற்றுள் சிலவற்றின் உரிமையாளர்களுக்கு ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லே தெரியாது. கடைக்காரர் வேகத்தை உயர்த்தி, உயர்ந்த விலைக்கு விற்றிருந்தார். சுரண்டிய அச்சின் கதை வேறு உருவில் தொடர்ந்தது.

2011இல் நைட்டிங்கேல், டவ்சர், ஆர்கொவன் ஆகிய மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் தனிநபர் கணிப்பொறிகளின் தரவை ஆராய்ந்தனர். ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணிப்பொறிகளில் வன்பொருள் பிழைகள் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தன. பொறித்த எண்ணைவிட மெதுவாக இயக்கப்பட்டவற்றில் குறைந்திருந்தன. மூன்று வாரம் ஓடும் உருவகப்படுத்தலையோ, பெருந்தரவுத் தொகுப்பின் புள்ளியியலையோ நம்பி ஆய்வேடு எழுதுபவருக்கு இது கணிப்பொறி ஆர்வலரின் சிக்கல் மட்டுமன்று. சான்றின் நம்பகம் பற்றிய சிக்கல்.

மிச்சத்தை உற்பத்தியாளரே எடுத்துக்கொண்ட காலம்

2008இல் இன்டெலின் நெஹாலெம் செயலிகள் டர்போ பூஸ்ட் என்ற வசதியோடு வந்தன. வெப்பமும் மின்திறனும் இடங்கொடுக்கும்போது செயலி தானே வேகத்தை உயர்த்திக்கொள்ளும். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வழிமுறை நுட்பமாகி, ஒவ்வொரு சில்லிலும் எஞ்சியிருந்த வேகத்தை ஏறத்தாழ முழுவதும் ஆலையிலேயே கறந்துவிட்டது. 2022இல் வந்த ஐ9-13900கேயின் அடிப்படை மின்திறன் 125 வாட். உச்சம் 253 வாட். உச்ச வேகம் 5.8 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டில் வந்த ரைசன் 7000 செயலிகள், முழுச்சுமையில் 95 பாகையை எட்டுவதையே இயல்பு நிலையாகக் கொண்டன. பயனர் கைக்கு எஞ்சியது சொற்பம்.

அச்சொற்பத்தையும் மதர்போர்டு நிறுவனங்கள் விட்டுவைக்கவில்லை. சோதனைப் பட்டியலில் ஓரிரு விழுக்காடு முந்துவதற்காக, பல பலகைகளின் பயாஸ் இயல்பமைப்பிலேயே மின்திறன் வரம்பு 4095 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தது. வரம்பே இல்லை என்பதன் எண் வடிவம் அது. வாங்கியவர் எதையும் மாற்றவில்லை. எனினும் கணிப்பொறி முதல்நாள் தொட்டே எல்லைக்கு வெளியே ஓடியது.

விளைவுகள் தொடர்ந்தன. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் செருகியோடு சேர்ந்து கருகின. நினைவக ஓவர்கிளாக்கிங்கின்போது சில பலகைகள் உயர்த்திய எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும்படி ஏ.எம்.டி. பயாஸ் திருத்தம் வெளியிட்டது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகள் நிலைகுலையும் செய்தி பெரிதாயிற்று. முதலில் விரல் மதர்போர்டுகளின் தளர்ந்த வரம்புகளை நோக்கி நீண்டது. ஜூலையில், தன் நுண்குறிமுறையே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோரியதை இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. உயர் மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் மூப்படைந்த பகுதி எது என்பதையும் செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. துடிப்பைச் செயலியின் உட்கருவுக்குள் கிளைகிளையாகப் பகிரும் சுற்றே அது. மிச்சமின்றிக் கறக்கப்பட்ட செயலியில் முதலில் தேய்ந்தது அதன் கடிகாரமே. திருத்தம் மேலும் தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது.

இன்று தேர்வு என்பது என்ன?

1998இல் மதர்போர்டையும் கூலரையும் தேர்ந்தவர், பொறித்த எண்ணைத் தாண்டுவதற்காகத் தேர்ந்தார். இன்று தேர்பவர், பொறித்த எண் உண்மையாவதற்காகவே தேர வேண்டியிருக்கிறது. கூலர் போதாவிட்டால் விலை கொடுத்த வேகம் கிட்டாது. பலகை வரம்பை மதிக்காவிட்டால் கிட்டிய வேகம் நிலைக்காது. ஆகவே பலகையின் மதிப்பை, அது எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பதைக் கொண்டு அளப்பதைவிட, வி.ஆர்.எம். நீண்ட சுமையை எவ்வாறு தாங்குகிறது, உற்பத்தியாளரின் வரம்புகள் இயல்பாகவே நடைமுறையில் உள்ளனவா, பயாஸ் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வருகின்றன என்பவற்றைக் கொண்டு அளப்பதே வரலாறு தரும் பாடம். கூலரையும் அவ்வாறே, விளம்பர வாட் எண்ணை விடுத்து, அறையின் உண்மையான கோடை வெப்பத்தில் மணிக்கணக்காக ஓடும் சுமைக்கு ஏற்பத் தேர வேண்டும்.

ஆர்வலர்களின் போக்கும் திசை மாறியிருப்பது கவனிக்கத்தக்கது. மின்னழுத்தத்தைக் குறைத்து, அல்லது மின்திறன் வரம்பைத் தாழ்த்தி, சில விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்துப் பெருமளவு வெப்பத்தைத் தவிர்க்கும் முறை பரவி வருகிறது. ஏ.எம்.டி. ஈகோ மோடு என்ற பெயரில் அதையே பயாஸில் வைத்திருக்கிறது. இருபடி விதி இறங்குமுகத்திலும் உண்மையே. உற்பத்தியாளர் எடுத்துக்கொண்ட மிச்சத்தை, வேகமாக அன்றி ஆயுளாகவும் அமைதியாகவும் பயனர் திரும்பப் பெறுகிறார்.

பல்கலைக்கழகக் கொள்முதல் பட்டியல்களில் செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் துல்லியமாக எழுதப்படுகின்றன. மதர்போர்டும் கூலரும் 'பொருத்தமானது' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகின்றன. அந்தச் சொல்லை நிரப்பும் உரிமை மிகக் குறைந்த விலைப்புள்ளி அளித்தவருக்குப் போய்ச் சேர்கிறது. சிப்செட்டின் பெயர், நீடித்த மின்திறன் வரம்பு, கூலர் தாங்க வேண்டிய அறை வெப்பநிலை ஆகிய மூன்றும் அப்பட்டியலில் இடம்பெறுவதற்கு மூன்று வரிகளே போதும்.